கையை எடுங்க சார், பூ தெரியட்டும்

குன்னூரிலிருந்து என் சகலை நேற்றுக் காலை ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மஞ்சள் டேலியா. பக்கத்தில் அவர் கை. கீழே ஒரு வரி: "சும்மா வேலியோரமா கெடந்துச்சு சகலை. தண்ணிகூட ஊத்துறதில்ல."

அந்த ஒரு வரிக்காகத்தான் படமே எடுக்கப்பட்டது. முந்தின நாள் சாயந்திரம் என் மாடியில் பூத்த சிவப்பு டேலியாவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். பதிலுக்கு வந்ததுதான் இந்த வேலி. ஒருவர் பூப் போட்டால் பாராட்டக் கூடாது, அதைவிடப் பெரிய பூவைப் போட வேண்டும் என்பது நம்மிடையே உள்ள எழுதாத சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தச் சட்டப்படி வாழ்கிறவன்தான். ஆனால் "தண்ணிகூட ஊத்துறதில்ல" என்பது சட்டத்தில் கிடையாது. அது வம்பு.

எனவே வடசென்னை மொட்டை மாடிக்கு ஏற்ற டேலியா ரகம் எது என்பதை இந்தக் கட்டுரையில் அடித்துச் சொல்லிவிடப் போகிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தொட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும். அதற்கு முன்னால் அந்தக் கையைப் பற்றி இரண்டு வார்த்தை.

பூவுக்குப் பக்கத்தில் கை எதற்கு? அளவு தெரிவதற்காம். சரி, கையின் அளவு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எங்கள் மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே அளவில்தான் மோதிரம் செய்து வைத்திருந்தார். எனக்கு சோப்புப் போட்டுத் தள்ளியும் இரண்டாம் கணுவைத் தாண்டவில்லை. சகலைக்கு நூல் சுற்றிப் போட வேண்டியிருந்தது. அந்த நூல் சுற்றிய விரலைப் பக்கத்தில் வைத்தால் தும்பைப் பூவே டேலியாவாகிவிடும். இவ்வளவு உள்விவரம் தெரியாத மற்ற உறவினர்கள் பதினான்கு பேர் கட்டை விரல் உயர்த்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் சொந்தத் தம்பி.

கையை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூ கேமராவின் மூக்கில் இடிக்க வேண்டும். கை அடுத்த தெருவில் இருக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். இந்த வித்தைக்குச் சொந்தக் கை சரிப்படாது, நீளம் போதாது. வீட்டில் உள்ளவர்கள் கையைத்தான் இரவல் வாங்க வேண்டும்.

"என்னங்க, கை நல்லாத் தெரியணுமா, பூ நல்லாத் தெரியணுமா?"

"பூதான்."

"அப்ப நான் எதுக்கு நிக்கிறேன்? குழம்பு அடுப்புல கொதிக்குது."

கைக்கட்சி இப்படி என்றால் நாணயக்கட்சி வேறு. பத்து ரூபாய் நாணயத்தைப் பூவின் மேல் வைத்துப் படம் எடுப்பவர்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், நாடு முழுக்க ஒரே அளவு, எனவே இது விஞ்ஞானம் என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் டீக்கடைக்காரர் அந்த நாணயத்தைக் கையால் தொட மாட்டேன் என்கிறார், பஸ்ஸிலும் முகம் சுளிக்கிறார்கள். டேலியா ஒன்றுதான் வாய் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள், சில படங்களில் இருப்பது பத்து ரூபாயே இல்லை. வெளிவட்டம் மஞ்சள், நடுவில் வெள்ளை என்றால்தான் பத்து. முழுக்க மஞ்சளாக இருந்தால் அது ஐந்து ரூபாய். ஐந்து, பத்தைவிடச் சின்னது. பூ பெரிதாகத் தெரிவதற்காகப் பணத்தையே மாற்றி வைக்கிற காலம்.

தீப்பெட்டிக்கட்சி எங்கள் பகுதிக்காரர்கள். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே மெட்ரோ ஸ்டேஷனுக்கு இருக்கிற ஊர் என்பதால் விம்கோ நகர்க்காரர்களுக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம். ஸ்கேல்கட்சி நாணயமானது; ஆனால் ஸ்கேலின் சைபர் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு படத்திலும் தெரியாது. பேரக்குழந்தைக்கட்சிதான் அபாயமானது. தொட்டிலில் போட்ட அன்றே குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் டேலியாவை வைத்துப் படம் பிடித்துவிடுகிறார்கள். "பூ சின்னதுதான்" என்று யாராவது சொல்ல முடியுமா? குழந்தையின் தலை பெரிது என்று ஆகிவிடும். பெண் கொடுத்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

தட்டுக்கட்சிக்குச் சர்வதேச ஆதரவு இருக்கிறது. அமெரிக்க டேலியா சங்கத்தார் பூவைக் குறுக்களவு பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். 10 அங்குலத்துக்கு மேல் போனால் ஏஏ, எட்டிலிருந்து பத்துக்குள் ஏ, ஆறிலிருந்து எட்டுக்குள் பி, நாலிலிருந்து ஆறுக்குள் பிபி. மிகப் பெரியவற்றுக்குப் பேச்சு வழக்கில் டின்னர் பிளேட் டேலியா என்று பெயர். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து நம் ஆட்கள் பூவுக்கு அடியில் எவர்சில்வர் தட்டை ஏந்த ஆரம்பித்துவிட்டார்கள். பெரம்பூரில் ஒரு நண்பர், அவரும் மாடித்தோட்டக்காரர், தட்டு முழுக்க நிறைந்த டேலியா ஒன்றை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் "அன்பளிப்பு" என்று பொறித்திருந்தது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அவர் வீட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து நீட்டுகிற தட்டு. அதில் இரண்டு இட்லி வைத்தால் சட்னிக்கு இடம் இருக்காது.

இங்கிலாந்தில் நேர் எதிர். அங்கே பாம்பான் டேலியா என்றொரு வகை. நம் ராமேஸ்வரத்துப் பாம்பன் இல்லை. இதழ்கள் குழாயாக உருண்டு உருண்டு பந்துபோல இருக்கும் சின்னப் பூ. கண்காட்சிக்கு வந்தால் அது 52 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுவர்கள் இதற்கென்றே வளையம் வைத்திருக்கிறார்கள். வளையத்துக்குள் பூ அடங்கவில்லை என்றால் வெளியே போ. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பூத்ததற்காக ஒரு பூவைத் தகுதிநீக்கம் செய்கிற தேசத்திடம் இருநூறு வருஷம் எப்படி மாட்டிக்கொண்டோம் என்பது இப்போது புரிகிறது.

வளையத்துக்கு நாம் லண்டனுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை. கண்ணாடி வளையலில் "ரெண்டு ரெண்டு" என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் உள்விட்டம் இரண்டே அரைக்கால் அங்குலம், அதாவது 54 மில்லிமீட்டர். "ரெண்டு நாலு" என்றால் இரண்டே கால் அங்குலம், 57. அடுத்தடுத்த அளவுக்கு அரைக்கால் அரைக்கால் அங்குலமாக ஏறும். வளையல்காரர் கண்ணாலேயே கையைப் பார்த்து இந்த அளவைச் சொல்லிவிடுவார். டேலியா நடுவராக அவரைத்தான் நியமிக்க வேண்டும். நான் ரெண்டு நாலு ஒன்றை எடுத்து ஒரு ஊதாப் பூவுக்கு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டில் பார்த்துவிட்டார்கள்.

"ஆடிப்பூரத்துக்கு வடிவுடையம்மன் கோயில்ல குடுத்த வளையல் அது. அதைப் போய்ச் செடிக்கு மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, வளைகாப்பா?"

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். ஒன்றுக்காவது விட்டம் சொன்னாரா? பக்கத்தில் பாரியின் கையை வைத்தாரா?

அந்த 99-இல் டேலியா கிடையாது. இருக்கவும் முடியாது, இது மெக்சிகோக்காரப் பூ. அங்கே 1963-லிருந்து தேசிய மலர். 1789-ல் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்கு விதை போனது. 1791-ல் அங்கிருந்த கவனில்லெஸ் என்ற பாதிரியார், ஆந்திரேஸ் டால் என்ற சுவீடன் தாவரவியலாளரின் பெயரை அதற்கு வைத்தார். டால் 1789-லேயே காலமாகிவிட்டார். தன் பெயரில் ஒரு பூ இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. புண்ணியவான். எந்தச் சகலையும் அவருக்குப் படம் அனுப்பியிருக்க மாட்டான்.

சரி, ரகத்துக்கு வருவோம். டேலியாவில் பல்லாயிரம் ரகங்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு தொகுதி. தோட்டத்து டேலியாவுக்கு எட்டுத் தொகுதி. விதை போட்டு முளைக்க வைத்தால் ஒவ்வொரு நாற்றும் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சம்பந்தமில்லாமல் வந்து நிற்கும். அதனால்தான் ஒரு ரகம் அதே ரகமாக வேண்டும் என்றால் கிழங்கைப் பிரித்தோ தண்டை வெட்டி வைத்தோதான் வளர்க்கிறார்கள். ராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி விநயானந்தர் நம் நாட்டில் புதுப்புது டேலியா ரகங்களை உருவாக்கிய பெரிய கை. வீடு, வாசல், பந்தம் எல்லாவற்றையும் விட்டவரே டேலியாவை விட முடியவில்லை என்றால், திருவொற்றியூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிற சம்சாரியை என்ன சொல்ல?

இத்தனை நிறம் இருந்தும் நிஜமான நீல டேலியா மட்டும் உலகத்தில் எங்கும் இல்லை. நீலம் என்று பெயர் வைத்து விற்பதெல்லாம் ஊதா. ஆனால் இணையத்தில் கிழங்கு விற்கிறவர்களின் படத்தில் அது சொட்டு நீலம் போட்ட வேட்டி நிறத்தில் ஜொலிக்கும். பக்கத்தில் ஒரு கை வேறு. அந்தக் கையும் நீலமாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

சகலையின் வேலியை நான் மட்டம் தட்டவில்லை. டேலியாவுக்கு வேண்டியது இரவில் குளிர், பகலில் மிதமான வெயில், தேங்காத தண்ணீர். இந்த மூன்றும் நீலகிரியில் இலவசம். அங்கே டேலியா வளர்ப்பது பரீட்சையே இல்லை; புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது. வெள்ளைக்காரன் 1848-ல் ஊட்டியில் தாவரவியல் பூங்கா ஆரம்பித்தான். எங்களுக்கு என்ன செய்தான்? 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு விட்டான். மலைக்குப் பூ, எங்களுக்குப் புகை. அன்றைக்குப் பிரித்துக் கொடுத்ததை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததில் புகை விடாத பொருள் எது என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன், விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

ஒரு காலத்தில் ராயபுரத்துக்காரர்கள் கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயந்திரம் அது சாம்பல் நிற வேட்டியாக இறங்கும். நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை நிறுத்தியது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. தூசிக்கு வேலைநீக்கம் இல்லை, ஊர் மாற்றல்தான். நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். காலையில் டேலியா இலையில் விரலால் கோடு இழுத்தால் கோடு பச்சையாக நிற்கும். விரல் கறுப்பாக வரும். ஈரத்துணியை எடுத்து இலை இலையாகத் துடைக்கிறேன். பூவைத் துடைக்க முடியாது, இதழ் கசங்கிவிடும். ஆகையால் என் மாடியில் வெள்ளையாக மலர்கிற டேலியா, மூன்றாம் நாள் இன்னொரு ரகம். அந்தச் சாம்பல் நிறத்தில் உலகத்தில் எவரிடமும் டேலியா இல்லை. பதிவு செய்ய ஆள்தான் இல்லை.

தண்ணீர் அடுத்த கதை. எங்கள் போர் தண்ணீரில் ரசம் வைத்தால் உப்புப் போட வேண்டாம். ஊற்றிய இரண்டு வாரத்தில் தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூ மட்டும் வருஷம் முழுக்கப் பூக்கும். இலை நுனி தீய்ந்து சுருளும். எனவே டேலியாவுக்கு மெட்ரோ வாட்டர்தான். எங்கள் குடியிருப்பில் யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்பதைக் கணக்கு வைக்கவே ஓர் ஓய்வுபெற்ற மாமா இருக்கிறார். குடிக்க இரண்டு குடம் என்று அவரிடம் சொல்லி வாங்கி, படியேறி, மாடியில் செடிக்கு ஊற்றும்போது பின்னால் வந்து நிற்பார். "செடி நல்லா குடிக்குதே" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

தீபாவளிக்கு நட்டால் வடகிழக்குப் பருவமழையில் கிழங்கு அழுகும். பயந்துகொண்டு தள்ளி நட்டால் மொட்டு வரும்போது மாசி வெயில் வந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, மீனவர்கள் படகையும் வலையையும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் நான் டேலியா அழுகிப்போச்சு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடி விழுந்திருக்கும், அது நியாயமான அடி.

இதெல்லாம் தாண்டி ஜனவரியில் ஒரு பூ வருகிறது. ஆறு அங்குலம். அதைத்தான் குன்னூர் வேலியோடு ஒப்பிடுகிறார்கள். அளவுக்குத் தரம் பிரித்தார்கள். வடிவத்துக்கு, கள்ளி டேலியா, பந்து டேலியா, அல்லி டேலியா என்று பிரித்தார்கள். நிறத்துக்குப் பட்டியல் போட்டார்கள். எங்கே பூத்தது என்பதற்கு ஒரு கட்டம் போட்டார்களா? என்னைக் கேட்டால் உப்புத் தண்ணீருக்கு இரண்டு அங்குலம், சாம்பலுக்கு இரண்டு அங்குலம், கண்டெய்னர் லாரி அதிர்ச்சிக்கு ஒரு அங்குலம் கருணை மதிப்பெண் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் என் சிவப்பு டேலியா ஏஏ. தட்டே தேவையில்லை.

உரத்தை மறந்துவிட்டேன். காசிமேட்டில் மீன் வாங்கும்போது தலை, குடல், செதில் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, சம எடை வெல்லம் போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தயார். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து ஊற்றினால் டேலியா தண்டு கட்டைவிரல் கனத்துக்கு வரும். (கட்டைவிரல், என்னுடையது.) மீன்கார அக்கா குடலைக் கட்டிக் கொடுத்தபடி விசாரித்தார்: "இன்னாத்துக்கு நைனா, பூனைக்கா?" "பூவுக்கு" என்றேன். தராசை நிறுத்திவிட்டு ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். டேலியாவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. எங்கள் வீட்டு டேலியாவுக்கு உண்டு. நடு மொட்டை விட்டுவிட்டு இரண்டு பக்க மொட்டையும் கிள்ளி எறிந்து, பூவைப் பெரிதாக்கி, பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்துவந்து காட்டினால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார்: "சாமந்தி நல்லா வந்திருக்கே!"

இப்போது ரகம். வண்டியில் செடி கொண்டுவருகிறவரிடம் போன வாரம் நேராகவே கேட்டேன்.

"இது என்ன ரகம்பா?"

"டேலியா சார்."

"அது தெரியுது. டேலியாவுல என்ன ரகம்?"

"பெரிய டேலியா."

"பேரு இருக்கும்ல?"

"சிவப்பு சார் இது. அது மஞ்சள். அந்த ஓரமா இருக்கிறது மிக்ஸு."

"மிக்ஸுன்னா?"

"பூத்தாத்தான் தெரியும்."

"பெருசா பூக்குமா?"

"அது உங்க கைராசி சார்."

மறுபடியும் கை. ஆந்திராவில் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரியில் ஏற்றி வருகிற செடிக்குக் கடியத்திலேயே பெயர் இருந்ததோ என்னவோ, நெல்லூர் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. குச்சியில் செருகியிருக்கிற வண்ணப்படம் போன வருஷத்துச் செடியினுடையது. சிவப்பு என்று வாங்கினால் ரோஸ் பூக்கும். மிக்ஸு என்று வாங்கினால் அதுவும் ரோஸ் பூக்கும். இந்த லட்சணத்தில்தான் என் ரகம் பெரிதா, உன் ரகம் பெரிதா என்று ஊர் ஊராகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் வாழ் பெருமக்களுக்குச் சொல்வது இதுதான். ஐப்பசி அடைமழை ஓயட்டும். கார்த்திகையில் நடுங்கள். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். மாசி பிறப்பதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிடுங்கள். ரகத்தைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம்: வண்டிக்காரர் எதை இறக்கி வைக்கிறாரோ, அதுதான் ரகம்.